துளையா, தோலா? பவுலிங் பந்தின் நடத்தை குறித்த ஒரு விசாரணை

அறுபது அடி நீள லேனில் ஒரு பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் கலையில், அமெரிக்கர் இரு சமயத்தாராகப் பிரிந்து கிடக்கின்றனர். விரல் துளைகளை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பந்தின் விதி அடங்கியிருக்கிறது என்போர் துளைவாதிகள். மேற்பரப்பைத் தேய்ப்பதிலும் மெருகிடுவதிலும்தான் எல்லாம் இருக்கிறது என்போர் தோல்வாதிகள். இப்பெயர்கள் யாம் இட்டவை, அவர்கள் அறியார். இருதரப்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேராக உருட்டினால் ஆகாதா எனின், ஆகாது. ஒரே உருட்டலில் பத்தும் சரியாக விழும் ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறும் பின் மேல் பின் மோதிச் சாய்பவை. அதற்குப் பந்து ஏறக்குறைய 6 பாகைச் சாய்வில் உள்ளே நுழைய வேண்டும். நேர்ப்பந்துக்கு அது கிட்டாது. ஆகவே பந்து வளைய வேண்டும். வளைவதால் வழக்கும் பிறந்தது.

முதலில் பூர்வபட்சம். பந்துக்குள் விசித்திர வடிவில் ஒரு கோர் உண்டு. அதன் உச்சியைக் காட்ட மேலே ஒரு வண்ணப்புள்ளி வைத்திருப்பார்கள். அதற்கும் பின் என்றே பெயர். கையை விட்டுப் புறப்படும் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சின் முனை பிஏபி. புள்ளிக்கும் பிஏபிக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பதே துளைவாதத்தின் உயிர்நிலை. பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 27 அங்குலம். அதில் கால் பங்கு 6¾. அதிலும் பாதி 3⅜. புள்ளியை 3⅜ அங்குலத்தில் நிறுத்தினால் சுழலச்சு மிக அதிகமாக இடம்பெயரும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத் தோல் லேனைத் தொடும். இதுவே ஃப்ளேர். 6¾க்குத் தள்ளினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். கோர் வடிவமைப்பில் பெயர் பெற்ற மோ பினெல் இரட்டைக் கோண முறையைத் தந்தார்: ஒரு கோணம், ஒரு தூரம், இன்னொரு கோணம். 50 × 4 × 30 என்றால் துளைவாதிக்கு மெய்சிலிர்க்கும். முதல் கோணம் சிறுத்தால் பந்து முன்னதாகவே உருளத் தொடங்கும், பெருத்தால் தாமதிக்கும். பந்தில் துளையிடும் புரோ ஷாப்காரர் வளைந்த அளவுகோலும் மெழுகுப் பென்சிலும் கொண்டு பந்தின் மேல் கோடு கிழிப்பது சாட்சாத் ஜாதகம் கணிப்பதேயாம். பிறக்கும்போது எழுதப்படுவது, பிறகு மாற்ற இயலாதது, பலன் பிசகினால் கணித்தவரைக் குறைசொல்ல முடியாதது. துளையை அடைத்து வேறிடத்தில் துளைப்பாரும் உளர். அது மறுமணம், ஜாதகத் திருத்தமன்று. தோஷம் கழிக்க ஒரு காலத்தில் நான்காம் துளையும் இருந்தது, எந்த விரலும் நுழையாத துளை. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் அதைத் தடை செய்துவிட்டது. பிடிக்க உதவாத துளைக்குப் பந்தில் இடமில்லை என்பது இன்றைய சட்டம்.

இனி தோல்வாதம். பொதுவான லேன்களில் முதல் நாற்பது அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருக்கும். மிச்சம் காய்ந்து கிடக்கும். அந்த எண்ணெயோடு உறவாடுவது கோர் அன்று, தோல். ஆகவே யாம் ஒரு நூற்பா செய்தோம்:

தோலே முதல; துளைஅதன் பின்ன;
கையே இரண்டையும் கெடுக்குங் காலை.

பழஞ்சுவடிகளில் இதைத் தேட வேண்டா. உரை வருமாறு: தோலைத் தேய்க்கும் அப்ராலான் வட்டத்தாள் 180 முதல் 4000 வரை எண்ணிட்டு வருகிறது. எண் குறையக் குறையக் கரடு கூடும். 500இல் தேய்த்த தோல் எண்ணெயிலேயே பற்றும். ஆனால் வலிமையை வழியிலேயே செலவழித்துவிட்டுப் பின்களிடம் களைத்துப் போய்ச் சேரும். மெருகிட்ட தோல் எண்ணெய்மேல் வழுக்கிப் போய்க் காய்ந்த இடத்தில் சடக்கெனத் திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பார்த்துவிட்டு மெருகுதான் அதிகம் வளைக்கிறது என்பாரும் உளர். அது பொருந்தாது. திரும்பும் இடம் தள்ளிப்போவதால் நேரும் மயக்கம் அது.

சான்று வேண்டுவோர்க்கு 1973ஆம் ஆண்டு உண்டு. டான் மெக்யூன் அந்த ஆண்டில் பந்துகளை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்துத் தோலை மிருதுவாக்கினார். ஆறு பட்டங்கள் வென்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். கோரைக் குடைந்து அல்ல, தோலை ஊறவைத்து. பிறகுதான் தோலின் கடினத்துக்குக் கீழ்வரம்பு விதித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்னும் புதுத்தோல் வந்து ஆட்டத்தையே புரட்டிப் போட்டது.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. தோல் நிலையற்றது. இன்று 500இல் தேய்த்தது சில ஆட்டங்களிலேயே லேனில் உரசி வழவழப்பாகும். ரெசின் எண்ணெயைக் குடித்துச் சோர்ந்தும் போகும். வெந்நீரில் போட்டு எண்ணெயை வெளியேற்ற வேண்டியிருக்கும். யாம் இதைக் குறையாகக் கொள்ளவில்லை. ஜாதகத்தை மாற்ற முடியாது. பரிகாரத்தைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். துளைகளும் வீணல்ல. பந்து வளையும் வடிவத்தை அவை சற்றே செதுக்கும். சற்றே என்பதை அடிக்கோடிடுக.

இனி நூற்பாவின் இரண்டாம் அடி. லேனின் அகலம் 41½ அங்குலம், பலகைகள் 39. ஆக, ஒரு பலகை ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். புள்ளியை எட்டில் ஓர் அங்குலம் நகர்த்தலாமா என்று கடையில் ஒரு மணி நேரம் வாதாடும் அதே பக்தர், லேனில் குறியை மூன்று பலகை தள்ளி விடுகிறார். விட்டபின் குனிந்து பந்தைப் பார்க்கிறார். பந்தில் பார்க்க ஒன்றுமில்லை. அங்கே எழுதியிருந்த ஜாதகம் அவருடையதன்று.

தீர்ப்பு: தோல்வாதிகளுக்கு வெற்றி, செலவுத்தொகை துளைவாதிகளிடம் ஏற்கெனவே வசூலாகிவிட்டது. புதுப்பந்து வாங்குவோர் நடுத்தரமான ஒரு துளை அமைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்ச நேரத்தில் 500இலும் 2000இலும் இரண்டு தாள்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்க. தேய்ப்பதைப் போட்டிக்கு முன்பே முடித்துவிடுக. ஆட்டம் தொடங்கியபின் தாளை எடுக்க விதி இடம் தராது. உலர்ந்த துண்டால் துடைக்க மட்டுமே அனுமதி.