அசல் போலி: செட்டியார்பட்டி வட்டார டிவி கேம் கேசட்டுகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வெல்லையை முதலில் வகுத்துவிடுவோம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி, மேற்கே மலை, தெற்கே சிவகிரி போகும் சாலை, நடுவே ராஜபாளையம், தளவாய்புரம், செட்டியார்பட்டி. கிழக்கெல்லையை மட்டும் வரையறுக்க இயலவில்லை. முழுப்பரீட்சை லீவில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் டிவி கேம் இருந்ததோ, அந்த ஊர்வரை ஆய்வு நீள்கிறது. காலவெல்லை தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி, செல்போனுக்குள் பாம்பு புகுந்ததோடு முடிகிறது.

பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்பது இன்று உலகில் மதிப்பான காரியம். 2021 ஆகஸ்டில் ஒரு சூப்பர் மாரியோ கேசட் 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அந்த விலைக்குப் பெரிய காரணம், அதை யாரும் பிரிக்கவே இல்லை என்பது. இந்த அளவுகோல் எங்கள் பக்கம் செல்லாது. மதுரையில் வாங்கிய கேசட், திருமங்கலம் தாண்டுமுன் பஸ்ஸிலேயே பிரிக்கப்பட்டிருக்கும். பிரிக்காமல் வைத்திருந்தவர் என்று ஒருவரைக் காட்டினால், அவர் வீட்டில் பிள்ளைகளோ டிவியோ அன்று இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அசல் எது, போலி எது என்று ஆராய்வதில் எங்கள் வட்டாரத்துக்கு நீண்ட பயிற்சி உண்டு. மாநிலத்தின் எந்த பஸ் நிலையத்தில் இறங்கினாலும் ‘ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்றொரு பலகை கண்ணில் படும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் பலகைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. அஞ்சல்துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையம் நாயின் கதையும் இதுவே. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்காமல் இங்கே யாரும் குட்டி வாங்குவதில்லை. இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் டிவி கேம் விஷயத்தில் மட்டும் மூக்கைப் பார்க்காமலே வாங்கினார்கள். இவ்வாய்வு எழக் காரணமான முரண் இது.

முன்னாய்வுகளையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில், அட்டாரி நிறுவனம் 1983-இல் லாரி லாரியாகக் கொண்டுவந்து புதைத்த கேசட்டுகளை 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். தொல்லியலாளர்களும் கூட இருந்தார்கள். எங்கள் மாவட்டம் இதிலும் பின்தங்கவில்லை. 2022-இல் அகழாய்வு தொடங்கிய வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில், சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. அவற்றில் எது டூப்ளிகேட் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. தொல்லியலுக்கு இருக்கும் இந்தப் பெருந்தன்மை சேகரிப்பாளருக்கு வாய்ப்பதில்லை.

இனி மூலம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் மசயுகி உயெமுரா. உள்ளே இருந்த சில்லு, 6502 என்ற மலிவான செயலியின் வாரிசு. வேலை செய்ய இருந்த நினைவகம் 2 கிலோபைட். இக்கட்டுரையில் நீங்கள் இதுவரை படித்ததைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். அந்த 40 கிலோபைட்டுக்குள் எட்டு உலகங்கள், ஆமைகள், குழாய்கள், கோட்டைகள், கடைசியில் ஒரு ராஜகுமாரி.

இந்த அசல் பெட்டி செட்டியார்பட்டிக்கு வரவில்லை. வந்தது அதன் நகல். தைவானில் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் சில்லுகளைப் பார்த்துச் செய்தன. பிறகு மொத்தப் பெட்டியையும் ஒரே சில்லுக்குள் சுருக்கினார்கள். ரஷ்யாவில் 1992 முதல் டென்டி என்றும், சீனாவில் சுபோர் என்றும், இந்தியாவில் மீடியா லிட்டில் மாஸ்டர் என்றும் விற்றவையெல்லாம் இந்தக் குடும்பமே. எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் மதுரை வழியாகவோ, பர்மா பஜார் போய்வந்த யாரோ ஒருவர் வழியாகவோ, துபாய் மாமா பெட்டியில் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவிலோ வந்து சேர்ந்தது. பாதிப் பெட்டிகளில் பெயரே இருக்காது. இருந்தாலும் யாரும் வாசிக்கவில்லை. டிவி கேம் என்றால் டிவி கேம். 1995 வாக்கில் ஷா வாலஸ் என்ற மதுபான நிறுவனம் சேகா பெட்டிகளை முறைப்படி இந்தியாவில் விற்கப் பார்த்தது. அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் ஊரில் அறிந்திருந்த பெரியவர்கள் வேறு காரணத்துக்காக அறிந்திருந்தார்கள்.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள்: செட்டியார்பட்டிச் சேகரிப்பாளருக்கு நின்டெண்டோ முத்திரை குத்திய அசல் பெட்டி அந்நியப் பொருள். அவர் தேட வேண்டியது அந்தக் காலத்துப் போலி. அதிலும் சரியான போலி.

சரியான போலியை அறிய ஒரு கேசட்டைப் பிரித்துப் பார்ப்பதே வழி. மஞ்சள் பிளாஸ்டிக் ஓட்டின் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் ‘டக்’ என்று இரண்டாகப் பிளக்கும். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். அடியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவே தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புப் பிசின் துளி. ஆட்டம் அத்தனையும் அந்தத் துளிக்கு அடியில். பலகையின் கீழ் விளிம்பில் முன்னும் பின்னுமாக அறுபது தாமிரப் பற்கள். பல தடவை செருகி உருவியதில் கோடு விழுந்திருக்கும். ஓட்டின் உள்பக்கம் எறும்பு வந்துபோன தடமும், சில சமயம் அரிசிக் குருணையும் இருக்கும். அறுபதுக்குப் பதில் எழுபத்திரண்டு பல் இருந்தால் அது அமெரிக்கச் சரக்கோ ஐரோப்பியச் சரக்கோ. அசலாகவே இருந்தாலும் நம் சேகரிப்புக்கு ஆகாது.

அடுத்தது பாட ஆராய்ச்சி. அட்டையில் ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று உறங்காமல் பார்த்துக்கொண்டே போனாலும் முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம்பினோம். உண்மையில் உள்ளே இருந்த மூலநூல்கள் ஒரு கை விரல்களைவிடச் சற்றுக் கூடுதல்: மாரியோ, டேங்க், கார் ரேஸ், சர்க்கஸ், வாத்து, அதிர்ஷ்டமிருந்தால் கான்ட்ரா. மற்றவை இடைச்செருகல்கள். ஒரே மாரியோ ஓரிடத்தில் முதல் உலகில் தொடங்குவார், இன்னோர் எண்ணில் நான்காம் உலகில் தொடங்குவார், மூன்றாவது எண்ணில் நிறம் மாறி வேறு பெயரில் நிற்பார். ஏடெழுதியவர் பிழைகளும் ஏராளம். மெனுவில் ஒரே பெயர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தை நிறுவினார். கேசட் பதிப்பாளருக்கு எதிர்த்திசைப் பணி: ஒரு பாடத்திலிருந்து லட்சக்கணக்கான சுவடிகளை உண்டாக்கினார். உழைப்பில் இவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

சில மெனுக்களில் கடற்கரையும் பறவைகளும் தெரிய, பின்னால் ஒரு சோகமான மெட்டு ஓடும். அது 1955-இல் ஓர் அமெரிக்கச் சிறைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் அமைத்தது. பிற்பாடு ‘கோஸ்ட்’ படத்தில் காதலுக்குப் பின்னணியாக அதைக் கேட்டபோது, உருக வேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “ஏலே, நம்ம கேசட்டுப் பாட்ட இவன் எப்பிடிலே எடுத்தான்?”

கேசட் ஓடாதபோது என்ன செய்வது என்பதில் மூன்று மதங்கள் உண்டு. ஊதுவோர், தட்டுவோர், துடைப்போர். ஊதுவோரே பெரும்பான்மை. பற்களின் மேல் உதட்டை வைத்து, நாதஸ்வர வித்வானுக்கும் வாய்க்காத மூச்சில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்து ஊதுவார்கள். இரண்டு ஊதலுக்குப் பின் பெட்டியில் செருகினால் படம் வந்துவிடும். இதைவிடப் பெரிய சான்று எதற்கு? ஆனால் படம் வந்தது மூச்சினால் அல்ல, உருவி மறுபடி செருகியதால்தான். பற்கள் வேறிடத்தில் உரசி இணைப்புக் கிடைத்தது. வாயின் ஈரம் தாமிரத்தை அரிக்கும் என்பதால் கேசட்டில் ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்திருந்தது. அசல் வராத ஊருக்கு எச்சரிக்கை மட்டும் எப்படி வரும்?

தட்டுவோர் டிவியின் தலையில் தட்டினார்கள். அந்த மதத்துக்குத் தத்துவம் கிடையாது. பலன் அவ்வப்போது உண்டு. துடைப்போரே சரி என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் முப்பது வயதுக் கேசட்டும் எழுந்து உட்காரும். பேண்டேஜ் துணி நெய்யும் ராஜபாளையத்தில் துடைக்கத் துணி கிடைக்காமல் ஊதினோம் என்பதை வெளியூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டாம்.

கேசட்டும் பெட்டியும் கிடைத்தாலும் சேகரிப்பு முழுமை அடைவதில்லை. டிவி வேண்டும். எல்இடி டிவியில் மாரியோ ஓடுவார், வாத்து சாகாது. வாத்து சுடும் ஆட்டத்துக்கென்று வந்த துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது பார்க்க மட்டும் செய்கிறது. படக்குழாய் டிவியில் இந்த மின்னல் அந்தந்தக் கணத்திலேயே நிகழும். புது டிவிகள் படத்தை வாங்கி, யோசித்து, மெருகேற்றிக் காட்டுவதற்குள் பெட்டி பொறுமை இழந்து, குறி தப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடும்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு அரசு, தான் அறியாமலே, உலகச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு பேருதவி செய்தது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் படக்குழாய் டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. மேலைநாடுகள் குழாயைக் கைவிட்டுத் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், வாத்து சுடத் தோதான டிவி இங்கே ரேஷன் கார்டுக்கு ஒன்று கிடைத்தது. வாத்து வேட்டைக்கு இத்தனை பெரிய அரசு ஆதரவு வேறெந்த நாட்டிலும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் அந்த டிவிகள் இன்று பழைய இரும்புக் கடையில்தான் கிடைக்கும். அதுவும் காலையிலேயே போனால். களப்பணியில் பதிவு செய்த உரையாடல் ஒன்று:

“அண்ணாச்சி, ட்யூப் டிவி ஏதும் கெடக்கா?”

“நேத்துதான் ரெண்டு வந்துச்சு தம்பி. ஒடச்சுட்டேன்.”

“ஓடுற டிவியா?”

“ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? செம்பு ஒரே எடதான்.”

குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் தாமிரச் சுருளுக்குத்தான் அங்கே விலை. கண்ணாடி குப்பைக்கு. சேகரிப்பாளர் நூறு ரூபாய் கூடத் தருவதாகச் சொன்னால் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்த முறை டிவியை உடைக்கமாட்டார், விலையை உடைக்கவும் விடமாட்டார். ஆகவே ஆர்வத்தை முகத்தில் காட்டாதிருப்பது களப்பணியின் முதல் விதி.

இணையத்தில் இப்போது ‘620 இன் 1’ என்று புதிதாக ஒரு பெட்டி விற்கிறது. பழைய மாதிரியே சாம்பல் நிறம், பழைய மாதிரியே ஆட இரண்டு ரிமோட், கேசட் கிடையாது. எல்லா ஆட்டமும் உள்ளேயே இருக்கும். எண்ணிக்கையும் அடக்கமாக நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே இதை இவ்வாய்வு ஏற்கவில்லை. ஒரு கோடி என்று கூசாமல் புளுகும் துணிவு இல்லாத பெட்டி அந்தக் காலத்துப் போலி ஆகாது. ஊத ஒரு துளையும் இல்லை.

மேலாய்வுக்கு உரியதாக ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறோம்: அதிகாரமில்லாத ரிமோட். இதற்கு ஜப்பானிலேயே வேர் உண்டு. அசல் ஃபேமிகாமின் இரண்டாம் ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தானே கிடையாது. பதிலுக்கு ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதாவது தம்பி ஆட்டத்தைத் தொடங்க முடியாது, கத்தலாம். எங்கள் வட்டாரத்தில் இந்த நெறி மைக் இல்லாமலே கடைப்பிடிக்கப்பட்டது. ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தில்கூடத் தம்பி கையில் ஒரு ரிமோட்டைத் திணித்து “நீதாம்லே ஓட்டுறே” என்று நம்பவைப்பது அண்ணன்மார் மரபு.

இதில் ஒரு சிக்கல். வாத்து ஆட்டத்தின் முதல் பிரிவில், ஒருவர் துப்பாக்கி பிடித்திருக்கும்போது இன்னொருவர் ரிமோட்டால் வாத்தை வளைத்துப் பறக்கவிடலாம். ஆட்டத்திலேயே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் ஊரில் அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணன் குறிவைத்துச் சுடச்சுட வாத்து நழுவிப் போனதும், புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரித்ததும், அண்ணன் துப்பாக்கியைத் தட்டிப் பார்த்ததும், பக்கத்தில் ஒன்றும் அறியாதவன்போல் தம்பி பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்ததும் இப்போது வேறு மாதிரி வாசிக்க வேண்டிய தரவுகளாகின்றன. இதுபற்றிக் கேட்டதற்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்பும் ஒரு தம்பியும், திருப்பூரில் இருக்கும் ஒரு தம்பியும் சிரித்தார்களே தவிர வாய் திறக்கவில்லை.