குண்டுக்குப் பயந்த கூரை

கேள்வி: இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச்சுகள் எழுநூறு, எண்ணூறு வருஷப் பழசாமே! அப்படி ஒன்று நம்ம பக்கம் உண்டா?
– ஒரு வாசகர், சேலையூர்

பதில்: அவ்வளவு பழசுக்கு வழியில்லை, ஆங்கிலேயர் இங்கே மூட்டையை இறக்கியதே 1639-ல்தான். தாம்பரத்தில் பீச் வண்டி ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் திறந்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிகன் சர்ச் என்பார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். இங்கிலாந்தில் பழைய சர்ச்சுகளுக்குப் பெரும்பாலும் மரக்கூரை. இங்கே மரத்துக்கே இடமில்லை. இரண்டடி கனத்தில் செங்கல் வளைவு, பீப்பாயை நெடுக்கில் அறுத்துக் கவிழ்த்த மாதிரி. வெளிச்சுவர் நாலடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் பிரசங்கம் நிற்கக் கூடாது என்ற ஏற்பாடு! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டபோது அந்தப் பயம் வீண்போகவில்லை.

ஒன்றில் மட்டும் இங்கிலாந்துச் சர்ச்சுகளின் ஜாடை உண்டு: எல்லாம் ஒரே தவணையில் கட்டியதல்ல, கோபுரம் பிற்பாடு சேர்ந்தது.

வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். பதறாமல் நடங்கள், பலவற்றின் கீழே ஆள் இல்லை. முன்பு சட்டக் கல்லூரி இயங்கிய கட்டடத்தின் பக்கமிருந்த பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்து வந்தவை. முற்றுகையின்போது எதிரிகள் அவற்றின் பின்னால் பதுங்கிக்கொண்டார்களாம்; அதனால் வந்த இடமாற்றம்.

கோட்டை வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.