சூடில்லாமல் சுடும் கொச்சிக்காய்

கேள்வி: கண்டிச் சந்தையில் வாங்கிய கொச்சிக்காயை அரிந்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரல் எரிகிறதே! நெருப்பே இல்லாமல் சுடுவது எப்படி?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: விரல் சுடவில்லை சகோதரி, சுடுவதாக நரம்பு சத்தியம் பண்ணுகிறது! தோலிலுள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதக் கதவு உண்டு. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திறக்க வேண்டிய அதை, கொச்சிக்காயின் காப்சைசின் கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடும். கல்சியம், சோடியம் அயன்கள் உள்ளே பாய, ‘நெருப்பு!’ என்று மூளைக்குச் செய்தி பறக்கிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாத்தளை மிளகின் பைப்பரீனும் இதே கதவைத்தான் திறக்கிறது. கடுகின் காரத்துக்கு முக்கியமாக வேறு கதவு, டிஆர்பிஏ1.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். உள்ளே புகுந்த அதே கல்சியம் சற்று நேரத்தில் கதவை மந்தப்படுத்தி விடுகிறது. நாட்பட்ட நரம்பு வலிக்குக் காப்சைசின் களிம்பு பூசுவதும் நரம்பை இப்படி ஓயவைக்கத்தான்.

காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் விரலில் தேங்காயெண்ணெய் தடவித் துடையுங்கள். பிறகு சவர்க்காரம் போடுங்கள். அதுவரை தயவுசெய்து கண்ணைத் தொடாதீர்கள்.