இருக்கை இல்லாத ஓய்வுக்காலம்

பென்ஷன் வாங்கும் வயதில் டிரையல்ஸ் பைக் பழகத் தொடங்கும் பிரிட்டிஷ்காரர்களைச் சிலர் கேலி செய்கிறார்கள். அநியாயம். முதியவர்களை மனத்தில் வைத்தே படைத்த விளையாட்டு இது. வேகம் தேவையில்லை, பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் கிட்டத்தட்ட நடைவேகத்தில் ஏறி இறங்கினால் போதும். உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கேடு என்று மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். இன்றைய டிரையல்ஸ் வண்டியில் உட்கார இருக்கையே கிடையாது. மதிப்பெண் முறையோ கருணைக்கடல்: கால் ஒரு முறை தரையில் பட்டால் 1 புள்ளி, இரு முறைக்கு 2, அதற்குமேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3தான். விழுந்தால் தாராளமாக 5. குறைந்த புள்ளி எடுத்தவரே வெல்வார் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை. அதைத் திருத்திவிட்டால் தாத்தாக்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எலும்பு முறியாதா என்பார்கள். முறியும், ஆனால் நிதானமாக முறியும். இந்த வயதில் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவனில் 1965க்கு முந்தைய ரக வண்டிகளுக்கென்றே ஒரு போட்டி உண்டு. கிழட்டு இரும்புக்கு அங்கே அத்தனை மரியாதை. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது புதிதாகக் கடைந்த உதிரிபாகம் என்பது ஊரறிந்த ரகசியம். தோற்றம் பழசாக இருப்பதில்தான் கண்டிப்பு. அந்த நியாயப்படி, முழங்காலில் உலோகமும் கண்ணில் புது லென்ஸும் வாயில் பல்செட்டும் பொருத்திய தாத்தா விதிக்கு முழுக்க உட்பட்டவர். அசல் உறுப்புகளோடு வந்து நிற்கும் இளைஞர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே அறுபதைக் கடந்த அன்பர்களே, சாய்வு நாற்காலியை இன்றே விற்றுவிடுங்கள். ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்குங்கள்.