மரக் குரோஷா ஊசி: உறுப்பும் ஒழுக்கமும்

1. வரையறை

குரோஷா ஊசி என்பது ஒரு முனையில் கொக்கி வெட்டப்பட்ட குச்சி. ஒரு நூல் வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துவிடுவது அதன் ஒரே தொழில். அத்தொழிலைச் செய்யும் பகுதி ஒரு நெல்மணியின் நீளத்தைத் தாண்டுவது அரிது. மீதமுள்ள ஏறத்தாழ 15 செ.மீ. அந்த முனையைக் கையோடு சேர்ப்பதற்காகவே இருக்கிறது. ஆயினும் கைவினைஞரின் உழைப்பும் வாங்குவோரின் பணமும் பெரும்பாலும் அந்த மீதத்துக்கே செல்கின்றன.

2. உறுப்புகள்

தலை, கழுத்து, தண்டு, பெருவிரல் குழி, பிடி என உறுப்புகள் ஐந்து. தலையைப் பற்றி இரு மரபுகள் உண்டு. தலை தண்டின் பருமனுக்குள் அடங்கி, கழுத்து ஆழமாக வெட்டப்படுவது நேர்த்தலை மரபு. கழுத்து சிறுகச் சிறுக ஒடுங்கி, தலை வட்டமாக நிற்பது ஒடுங்குகழுத்து மரபு. ஆலை ஊசிகளில் முன்னதற்குச் சூசன் பேட்ஸ் நிறுவனமும் பின்னதற்குப் பாய் (Boye) நிறுவனமும் அமெரிக்கச் சான்றுகள். கையால் செதுக்குவோர் எம்மரபையும் மறுப்பதில்லை. ஒவ்வொருவரும் மூன்றாவது ஒன்றைத் தொடங்கிவிடுகின்றனர்.

3. பிடிக்கொள்கை

பின்னுவோர் இரு வகையினர்: பென்சிலைப் போல் பிடிப்போர், கத்தியைப் போல் பிடிப்போர். ஒல்லியான தண்டை விரல்கள் இறுக்கிக் கிள்ள வேண்டியிருப்பதால் பெருவிரலின் அடியும் மணிக்கட்டும் வலிக்கின்றன. பிடி பருத்தால் இறுக்கம் தளர்ந்து, விசை உள்ளங்கைக்குப் பரவும். கைக்கு இதமான ஊசியின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. ஆனால் கத்திப்பிடிக்காகச் செதுக்கிய குண்டுப்பிடி, பென்சில்காரரின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதம் என்பது ஊசியின் பண்பன்று, கையின் பண்பு என்பது இதனால் பெறப்படும்.

4. செய்முறை

மரத்தின் ரேகை ஊசியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கழுத்து ஒடியும். வால்நட், மேப்பிள், ஒலிவம், ஈட்டி முதலிய கடின மரங்கள் ஏற்றவை. இவற்றுள் ஈட்டி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி முதல் உள்ளது. ஆயினும் ஒரு பொதிக்கு 10 கிலோ வரை முடிவுற்ற பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஊசிகளாக 10 கிலோ சேர்ப்பது தீவிர சேகரிப்பாளருக்கும் எளிதன்று.

செதுக்கியபின் 150-ஆம் எண்ணில் தொடங்கி 600-ஆம் எண் வரை உப்புத்தாள் மாறும். இடையே ஊசியை நனைத்தால் மரநார் சிலிர்த்தெழும். காய்ந்ததும் மீண்டும் தேய்க்க வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு. இறுதித் தேர்வு நைலான் காலுறை: ஊசியின் மேல் அதை இழுத்தால், கண்ணுக்குத் தப்பிய சிலாம்பு அதில் மாட்டிக்கொள்ளும்.

5. அளவை

அளவு தண்டின் விட்டத்தைக் கொண்டு கொள்ளப்படும். 4 மி.மீ. ஊசி அமெரிக்காவில் ஜி-6. பிரிட்டனின் பழைய முறையில் 8. 5 மி.மீ. ஊசி அமெரிக்காவில் ஹெச்-8. பிரிட்டனின் பழைய முறையில் 6. அதாவது ஒரு நாட்டின் ஆறு மற்ற நாட்டின் எட்டு. அமெரிக்க எண் ஏற ஊசி பருக்கும். பழைய பிரிட்டிஷ் எண் ஏற ஊசி மெலியும். மில்லிமீட்டர் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது. ஆனால் பாட்டியின் ஊசிப்பெட்டிக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

6. வலியின் அழியாமை

ஒல்லி ஊசியால் ஒரு மணி நேரத்தில் வலி வரும் கை, இதமான ஊசியால் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. ஆகவே இரண்டு மணி நேரம் பின்னப்படுகிறது. வலி தவறாமல் வந்து சேர்கிறது. ஊசி மாறியதால் வலி அழியவில்லை; ஒரு சால்வையின் பாதி மட்டும் கூடுதலாகக் கிடைத்துள்ளது. வலிக்கும் முன்பே ஊசியைக் கீழே வைப்பதே நிச்சயமான மருந்து. அதற்கு மரமோ மெழுகோ தேவைப்படாததால், கைவினைச் சந்தையில் அது விற்பனைக்கு வருவதில்லை.