இன்னும் 19 கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறேன்

அனுப்புநர்: பெண், உயரம் 155 செ.மீ., எடை 77 கிலோ, திருச்சி.

பெறுநர்: அபாய மதிப்பீட்டுப் பிரிவு, ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் (பெயரைப் போட்டால் இலவச விளம்பரமாகிவிடும்).

பொருள்: என் உடம்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டச் சம்மதம் கேட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வழக்கமான பிரீமியத்தோடு 25 சதவீதம் 'லோடிங்' கட்டினால் பாலிசி தரத் தயார் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். கீழே 'ஒப்புக்கொள்கிறேன்', 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று இரண்டு பொத்தான்கள். கூடுதலாக வாங்குவதென்றால் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. என் உடம்பைப் பற்றிப் பேசும் எவரும் இதற்குமுன் என்னிடம் சம்மதம் கேட்டதில்லை. பெரியம்மா கேட்டதில்லை, "உங்க சைஸ் வராதுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடும் துணிக்கடைப் பெண் கேட்டதில்லை, என்னைக் கண்டதும் "ரெண்டு பேர் இடம்" என்று கணக்குப் போடும் ஷேர் ஆட்டோ அண்ணன் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் என்ற பெருமை உங்களுக்கே.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது என்றதும், செலவு குறையும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அரசு காலி செய்த இடத்தில் என் இடுப்பு உட்கார்ந்துவிட்டது.

உங்கள் சார்பில் தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையானவர். "சுகர் இருக்கா மேடம்? பிரஷர்? தைராய்டு? பீரியட்ஸ் ரெகுலரா வருதா?" என்று வரிசையாகக் கேட்டார். "பிசிஓஎஸ் இருக்குங்க, காலேஜ் நாள்லேர்ந்து" என்றேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். எல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில், "ஸ்வீட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க மேடம்" என்றார். இதே ஆலோசனையை எங்கள் தெருவில் இலவசமாகவே தருகிறார்கள். உங்களிடம் இதற்கும் சேர்த்துத்தான் 25 சதவீதமா என்று தெளிவுபடுத்தவும்.

அபாயத்தை அளப்பது உங்கள் தொழில். ஆகவே பிசிஓஎஸ் என்ற இந்த அபாயத்தை முறைப்படி அறிமுகம் செய்துவைக்கிறேன். 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பரிசோதித்து எழுதிவைத்த சினைப்பைக் கோளாறு இது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது; அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் அதிக இன்சுலினை அனுப்பும். மிஞ்சிய இன்சுலின் சும்மா இருக்குமா? சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும், கொழுப்பைக் கரைக்கவிடாமல் சேமிக்கச் சொல்லும். சேர்ந்த கொழுப்பு, இன்சுலின் பேச்சை இன்னும் எடுபடாமல் செய்யும். ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு வரும். ஆனால் அவர்களிடம் யாரும் ஸ்வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

மாதவிலக்கு தள்ளிப்போவது, தலையில் கொட்டும் முடி தாடையில் முளைப்பது எல்லாம் உங்கள் படிவத்தில் வந்துவிட்டன. படிவத்தில் இடமில்லாதது கழுத்து. இன்சுலின் மிகும்போது பலருக்குப் பின்கழுத்துத் தோல் தடித்துக் கறுக்கும். அது அழுக்கு இல்லை. எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனாலும் எங்கள் குடும்பத்து விசேஷங்களில் என் பின்னால் உட்காரும் ஒவ்வோர் அத்தையும் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். பயத்தம் மாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய் நார். "பொம்பளைப் பிள்ளை, நல்லா தேய்ச்சுக் குளிக்கக் கூடாதாடி?" பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் இன்சுலின் குறையும் என்று நிரூபணமானால் உங்கள் நிறுவனத்துக்குத்தான் பெருத்த லாபம். ஆய்வுக்கு நீங்களே நிதி ஒதுக்கலாம்; கழுத்தைத் தர நான் தயார்.

அடுத்து, எனக்கு நீங்கள் போட்ட மதிப்பெண். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, உடல் நிறை குறியீட்டெண் 32 என்று எழுதியிருக்கிறீர்கள். அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியத்து வானியலாளர் 1830-களில் 'சராசரி மனித'னைத் தேடியபோது கண்ட கணக்கு இது. 1972-இல் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, இப்போதைய பெயரை வைத்தார்கள். அவர்கள் சோதித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஆக, நட்சத்திரம் பார்த்தவர் கண்டுபிடித்து, ஆண்களுக்குப் பொருத்தம் பார்த்த ஒரு கணக்கில் என் ஜாதகத்தைக் கணித்திருக்கிறீர்கள். இது எனக்குப் பழக்கம்தான். ஜாதகம் ஒத்துவராமல் நின்ற வரன்களைவிட, எடையைக் கேட்டு நின்றுபோன வரன்கள்தான் எனக்கு அதிகம்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அபாயம் கூடினால் விலை கூடும். கடைக்காரருக்கு அது நியாயம். ஆனால் காசு கொடுக்கிறவள் சரக்கையும் பார்ப்பாள் அல்லவா? பாலிசி விதிகளை முழுக்கப் படித்தேன். சின்ன எழுத்தையும் விடவில்லை.

விலக்கு எண் 06, உடல் பருமன். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நீங்கள் பணம் தர வேண்டுமானால் குறியீட்டெண் 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கூடவே இதய நோயோ, தூக்கத்தில் கடுமையான மூச்சடைப்போ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்க வேண்டும். எனக்கு 32. அதாவது கூடுதல் பணம் கட்டும் அளவுக்கு நான் குண்டு. சிகிச்சை கேட்கும் அளவுக்கு இன்னும் குண்டாகவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40-ஐத் தொட 96 கிலோ வேண்டும். இன்னும் 19 கிலோ குறைகிறது. குறைக்கச் சொன்ன ஸ்வீட்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்த மேடத்திடம் கேட்டுச் சொல்லவும்.

விலக்கு எண் 17, குழந்தையின்மை. கருமுட்டை வெளிவராததால் ஏற்படும் குழந்தையின்மைக்கு முதல் காரணமே பிசிஓஎஸ்தான். கதவில் நோயின் பெயரைக் கேட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, உள்ளே அதே நோய்க்கு நாற்காலி இல்லை என்கிறீர்கள்.

மற்றவற்றுக்கு? முன்பே இருந்த நோய் என்பதால் 36 மாதக் காத்திருப்பு. அதற்குமேல் நீட்டக் கூடாது என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. முன்பு 48 மாதம் வரை போகலாம் என்றிருந்தது. சரி, காத்திருந்தபின் என்ன கிடைக்கும்? மெட்ஃபார்மின் மாத்திரை, ஹார்மோன் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தோல் டாக்டர் கட்டணம் எல்லாம் வெளிநோயாளிச் செலவு. உங்கள் பாலிசியில் கிடையாது. பெரும்பாலும் மருத்துவமனையில் 24 மணி நேரம் படுத்தால்தான் கணக்கு. என் சினைப்பைக்கு இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அட்மிட் ஆகத் தோன்றவில்லை. கண்டித்து வைக்கிறேன்.

இனி என் பதில். வாங்கும் பக்கத்தில் என் எடை ஒரு நோய். கொடுக்கும் பக்கத்தில் அதே எடை என் வாய்க்கொழுப்பு. இரண்டில் எது என்று எழுத்தில் தாருங்கள். நோய் என்றால் 25 சதவீதத்தைக் கட்டுகிறேன். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் உண்டான பங்கை நீங்கள் தாருங்கள். வாய்க்கொழுப்பு என்றால் லோடிங்கை எடுங்கள். என் வாய்க்கு நானே செலவழித்துக்கொள்கிறேன். பதில் வரும்வரை இரண்டு பொத்தான்களையும் அழுத்துவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கோப்பிலுள்ள 32.

பி.கு.: இதைப் படிக்கும் பெண்களுக்கு. லோடிங்குக்குப் பயந்து பிசிஓஎஸ் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்துவிடாதீர்கள். முதல் 60 மாதங்களுக்குள் அதைக் காட்டியே கிளெய்மை மறுக்க அவர்களால் முடியும். உள்ளதை எழுதுங்கள், விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். புகார் இருந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லையென்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.