பிஸ்கட் டின்னும் அரசாங்க மேகமும்

"போல்டரே இல்லண்ணே. அழிஞ்சு போச்சு."

காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல லெப்டொப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான் பையன். பிலிமத்தலாவையில் கொழும்பு–கண்டி வீதியோரம், பித்தளை விளக்குகள் தொங்கும் கடைக்கு மேலே என் கடை. போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் சைஸ் படம், விண்ணப்பம் நிரப்புதல், நேரமிருந்தால் லெப்டொப் பழுது. கீழ்க்கடைக்கு வருகிறவர்கள் குத்துவிளக்கு வாங்கிப் போவார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எதையாவது தொலைத்துவிட்டு வருகிறவர்கள். தொலைத்தது தாங்கள்தான் என்று அவர்களை யாரோ நம்பவைத்திருப்பார்கள்.

பையன் மலைப்பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறவன். நகரத்துத் தனியார் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் படிக்கிறான். கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகில் இருக்கிறது. மறுநாள் காலை புரொஜெக்ட் கொடுக்கவேண்டும். எடிட்டரைத் திறந்தால் மூன்று மாத வேலையைக் காணோம். அங்கே படிப்பிக்கிற சேரிடம் காட்டியிருக்கிறான். சேர் அரை நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்ன வைத்தியம்: "லெப்டொப் பழசு. புதுசு ஒண்ணு வாங்கு."

வாங்குவான், இன்னொரு ஜோடித் தோடு இருந்தால்.

திறந்து பார்த்தேன். மைக்ரோசொப்ட்காரர்கள் 2015 இல் விட்ட, இன்று உலகத்தில் பாதிப் பிள்ளைகள் பழகுகிற அதே விஷுவல் ஸ்டூடியோ கோட். இடது பக்கப் பட்டையே மறைந்திருந்தது. கன்ட்ரோல், ஷிப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். பட்டை வந்தது, போல்டர் வரவில்லை. பழைய பட்டியலிலிருந்து பெயரைத் தட்டினால், 'இந்தப் பாதை இந்தக் கணினியில் இல்லை' என்று பெட்டி ஒன்று குதித்தது. பையன் கண் கலங்கியது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

நடந்தது இவ்வளவுதான். டெஸ்க்டொப்பில் கிடந்த எல்லாவற்றையும் ஒன்டிரைவ் என்ற புண்ணியவான் 'பாதுகாக்கிறேன்' என்று தன் வயிற்றுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறான். போல்டர் அப்படியே இருக்கிறது. மேல்விலாசம்தான் மாறிவிட்டது. எடிட்டர் பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று திரும்பியிருக்கிறது. ஃபைல் மெனுவில் 'ஓபன் போல்டர்' கொடுத்துப் புதிய விலாசத்தைக் காட்டினேன். வந்தது. ஆனால் ஓடவில்லை. இவன் முன்பு சிப் கோப்பை விரித்தபோது ஒரு போல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் உண்டாகியிருந்தது. இவன் திறந்தது வெளிக்கூட்டை, சாமான் இருந்தது உட்கூட்டில். உள்ளதைத் திறந்தேன். அதற்கும் பிறகு, "நான் போட்ட மூணு போல்டரும் ஒண்ணாயிருச்சே" என்றான். ஒன்றுக்குள் ஒன்றாக ஒற்றைப் பிள்ளையாய் இருக்கும் போல்டர்களை ஒரே வரியில் ஒட்டிக் காட்டுவது 2019 கடைசியிலிருந்து இந்த எடிட்டருக்கு வந்த பழக்கம். செட்டிங்ஸில் 'கொம்பக்ட் போல்டர்ஸ்' என்று தேடி, ஒரு சரியை எடுத்துவிட்டேன். மூன்றும் மூன்றாய் நின்றன.

கீழே சொல்லி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எனக்குக் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அந்த எடிட்டர் ஒரு நல்ல காரியம் செய்கிறது: தான் எந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'இல்லை' என்கிறதோ, அந்த இடத்தை ஒளிக்காமல் சொல்கிறது. பெயரின்மேல் சுட்டியை வைத்தால் முழுப்பாதையும் தெரியும். வலது பக்கம் அமுக்கினால் 'பாதையைக் கொப்பி செய்' என்றுகூட இருக்கிறது. 'இந்தக் கணினியில் இல்லை' என்றுதான் அது சொல்லிற்று. 'உலகத்தில் இல்லை' என்று சொல்லவில்லை. நீ பிறக்கவே இல்லை என்றும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

போன வருடம் இதே பையனின் அப்பாவோடு ஒரு கந்தோருக்குப் போனேன். ஆத்தாவின் பிறப்புப் பதிவில் ஒரு கொப்பி வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் கணினி. திரை உத்தியோகத்தர் பக்கம், முதுகு எங்கள் பக்கம். இரண்டு விசை தட்டினார். "நே" என்றார். இல்லை. எந்தப் புத்தகத்தில் இல்லை? எந்த வருடத்தில் இல்லை? எந்த எழுத்துக்கூட்டலில் இல்லை? கேட்டால், "ஹெட்ட எண்ட." நாளைக்கு வா. நாளைக்குப் போனால் அந்த மாத்தயா லீவு.

அந்த ஆத்தாவின் பெயரைத் தோட்டத்துக் கிளார்க்கர் தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார். அதைப் பார்த்து மூன்றாமவர் தமிழில் எழுதினார். ராமாயி மலையேறி இறங்கி வந்து சேர்ந்தபோது 'ரமய்' ஆகியிருந்தாள். லினக்ஸ் கணினியில் பெரிய எழுத்தில் தொடங்கும் போல்டரும் சின்ன எழுத்தில் தொடங்கும் போல்டரும் வேறு வேறு. இது தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் விளங்கப்படுத்திவிடலாம். ராமாயியும் ரமய்யும் ஒருத்திதான் என்று ஒரு கந்தோருக்கு விளங்கப்படுத்த, சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், முத்திரை, பஸ் காசு, இரண்டு நாள் சம்பளம் எல்லாம் வேண்டும். எழுத்துப் பிழை விட்டது அரசாங்கம்; திருத்தக் கூலி ராமாயி வீட்டுக் கணக்கில்.

ஒட்டிக் காட்டுகிற விஷயத்திலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். 1956 இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்து, தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த 'உம்'மைக் கவனியுங்கள். ஒற்றைப் பிள்ளைப் போல்டரை அம்மா போல்டரோடு ஒட்டிக் காட்டுகிற அதே வித்தை. இருக்கிறதா என்றால் இருக்கிறது. தேடினால் தனியாக அகப்படாது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய பஸ் ஆசனத்தின் மேல் 'த' இருக்கவேண்டிய இடத்தில் 'ந' போட்டு ஒட்டிய நாடு இது. எழுதினவருக்குத் தமிழ் தெரியாது, சரி. அச்சடித்தவருக்கும் தெரியாது, ஒட்டினவருக்கும் தெரியாது, அத்தனை கையெழுத்துப் போட்ட பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தமிழும் அரசகரும மொழி.

பாமினி எழுத்துருவை விட்டுவிட முடியுமா? 2008 இலேயே தமிழ் எழுத்துக்கும் விசைப்பலகைக்கும் எஸ்எல்எஸ் 1326 என்று தரநிலை போட்டு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் என் கடைக்கு வருகிற கடிதங்களில் பாதி பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷ் குப்பையாய்த் தெரியும். தேடுபொறிக்கும் அது குப்பைதான். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை. ஆயிரம் பக்கம் தட்டெழுதி ஒரு பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாத ஆவணக் களஞ்சியம் ஒன்றை வருடக் கணக்காக, சம்பளம் கொடுத்துக் கட்டியிருக்கிறோம்.

சரி, கடதாசிதான் கிழடு, அரசாங்கம் இப்போது மேகத்தில் இருக்கிறதே என்பீர்கள். 2003 இல் சட்டம் போட்டுத் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஒரு முகவரகமே அமைத்த நாடு. லங்கா அரசாங்க மேகம் என்று பெயரும் வைத்தார்கள். 2021 இல் அங்கே இருந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் தரவுகள் அழிந்து, பக்கப் இல்லை என்று நாடே பேசியது. இதிலிருந்து என்ன படித்தார்கள்? 2023 ஆகஸ்ட் 26 அன்று கப்பம் கேட்கிற வைரஸ் ஒன்று உள்ளே புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் விலாசங்கள். அவற்றில் மே 17 முதல் அன்றுவரை வந்ததும் போனதும் போயே போய்விட்டன. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் 2013. அதைச் செய்தவர்களே நான்கு மாதம் முன்னால், அந்த ஏப்ரலில், இனி இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவியிருந்தார்கள். மாற்றுவதற்கு 2021 இலிருந்தே யோசித்தார்களாம், காசில்லையாம். மூன்றே கால் மாதம். என் பையன் தொலைத்ததாக நினைத்து அழுததும் ஏறக்குறைய அதே அளவு வேலைதான். அவனுடையது பிளேன்டீ ஆறுமுன் கிடைத்தது. மந்திரிசபையினுடையது கிடைக்கவில்லை. அதற்காக யாராவது அழுததாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு பிரதி தனியே வை, வேறு இடத்தில் வை, இணையத்தோடு சேராமல் வை. கண்டியில் எந்தக் கணினி வகுப்பிலும் முதல் கிழமை சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தப் பாடத்தைக் கணினி வருவதற்கு முன்னமே படித்த ஒரு சாதி சனம் இந்த மலையில் இருக்கிறது.

பையன் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பத்துக் காம்பரா லயம். காம்பராவுக்கு இலக்கம் கிடையாது; கடிதம் வந்தால் தோட்டத்துக் கந்தோருக்கு வரும், கந்தோருக்கு நினைவு வந்தால் லயத்துக்கு வரும். எடிட்டர் போல்டருக்குக்கூட ஒரு முழுப்பாதை உண்டு. இருநூறு வருடமாய் இந்த மலையில் உழைக்கிற சனத்துக்கு 'தோட்டத்துக்குள்ளே எங்கேயோ' என்பதுதான் விலாசம். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அப்பா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடி துருப்பிடிக்காமல் இருக்க ஓரத்தில் எண்ணெய் தடவியிருந்தது. உள்ளே பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் தாத்தாவின் தோட்டத் துண்டு, அரிசிக் கூப்பன், பிரஜாவுரிமைக் கடதாசி, ஆத்தாவின் ஆஸ்பத்திரிக் கார்ட், செத்துப்போன சித்தப்பாவின் பள்ளிக்கூட விலகல் சான்றிதழ். ஒன்றையும் எறியவில்லை.

ஏன் எறியவில்லை என்பதற்கு வருடம் உண்டு. 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் இந்தச் சனத்தைப் பிரஜாவுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம், உள்ளே வரவேண்டுமானால் நிரூபி என்றது: கலியாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம், 1946 ஜனவரிக்கு முன் இடைவிடாமல் இங்கே இருந்ததாக. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. இந்தியாவில் இருக்கிற ஊருக்கு ஒரு தடவை போய் வந்திருந்தால் போயிற்று, ஒரு துண்டு குறைந்தால் போயிற்று. தன் பக்கம் ஒழுங்காய் ஒரு பதிவும் வைத்திராத அரசாங்கம், கைநாட்டு வைக்கிற கொழுந்துக்காரியிடம் பத்து வருடத்துக்கு இடைவெளியில்லாத பக்கப் கேட்டது.

அப்புறம் 1964. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974 இல் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். எடிட்டரில் ஒரு போல்டரைக் கைதவறி இழுத்து இன்னொன்றுக்குள் போட்டால், 'நிச்சயமாக நகர்த்தட்டுமா?' என்று அது கேட்கும். இலட்சக்கணக்கான மனிதரை இழுத்துப் போட்டபோது அந்த ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. (பிலிமத்தலாவை என்ற இந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய கண்டி மந்திரி ஒருவர் 1798 இல் நாயக்க இளைஞன் ஒருவனை இழுத்து வந்து கண்டிச் சிம்மாசனத்தில் வைத்தார், பிறகு அந்த ராசாவே அவர் தலையை வாங்கினான். ஆட்களை இழுத்துப் போட்டவர்கள் வில்லங்கப்பட்ட கதை அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சிலை.)

போன கிழமை பையன் மறுபடி வந்தான். இந்தமுறை லெப்டொப் இல்லை, போன்தான். புரொஜெக்ட்டுக்கு நல்ல புள்ளி என்று சொல்லிவிட்டு வட்ஸ்அப்பைத் திறந்து காட்டினான். முன்பு நாங்கள் போன அதே கந்தோரிலிருந்து செய்தி. எல்லாம் கணினிமயமாகிறதாம். அவர்களிடம் இருந்த பைலைக் காணவில்லையாம். ஆத்தாவின் பதிவுத் துண்டும் தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசியும் உங்களிடம் இருக்குமே, மூலப் பிரதிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும். மரியாதையான சிங்களம். கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் படியேறி வந்தார், கக்கத்தில் டின். மேசையில் வைத்துத் திறந்து, பொலித்தீனை விரித்து, தாத்தாவின் கடதாசியை இரண்டு விரலால் எடுத்துத் தந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் ஒளி ஊடுருவியது. கண்ணாடியில் வைத்து மெதுவாக மூடியை இறக்கினேன்.

"எத்தனை கொப்பி?"

"கந்தோருக்கு ஒண்ணு. தொலைச்சிட்டு வந்து கேப்பாங்க, அதுக்கு ஒண்ணு."

சூடாக வந்த இரண்டு தாளையும் பையனிடம் கொடுத்தார். மூலத்தைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றி, டின்னில் வைத்து, மூடியை உள்ளங்கையால் நாலு பக்கமும் தட்டி இறுக்கினார்.

"ஒரிஜினல் கேட்டா, அப்படி ஒண்ணு இல்லேன்னு சொல்லு தம்பி. எங்க தேடுனோம்னு கேட்டா, நாளைக்கு வரச் சொல்லு."